ஐம்பத்தெட்டு மெத்தையும் ஒரு கழுத்தும்

மெத்தைக்காரர் பிறந்த குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள்.

அவருடைய அம்மா வழியில் எல்லாருமே தூங்குகிறவர்கள். சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. மாடாய் உழைப்பார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள், உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்கள், அவ்வளவுதான். பெரிய தாய்மாமா பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டார். மருந்து ஊசி போடுவதற்கு முன்னாலேயே. சின்னத் தாய்மாமாவின் கல்யாணப் போட்டோ பதினேழு இருக்கிறது. பதினேழிலும் கண் மூடியிருக்கிறார். போட்டோக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. பெரியம்மா ஒருத்தி பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தத்துக்குப் போனாள். திரும்பி வரும்போதும் தூங்கி முதல் நிறுத்தத்துக்குப் போனாள். இப்படியே அதே பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க ஊர்சுற்றியதில் டிரைவருக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அவர்தான் பெரியப்பா.

மெத்தைக்காரர் அந்தப் பரம்பரை. சின்ன வயதில் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வயதில் லாரியில் பாரம் ஏற்றி இறக்கும் வேலை. ஒரு நாள் மதியம் ஒரு மெத்தைக்கடையில் பஞ்சு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கக் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு புது மெத்தை. கடை முதலாளி பேனா தேடி எடுத்து வருவதற்குள் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுப்பினார். எழுந்தவர் கழுத்தை இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஐயா, வலது தோள் படுற இடத்துல ஒரு கட்டி இருக்கு. எலுமிச்சங்கா அளவு. மத்தபடி நல்ல மெத்தை" என்றார்.

முதலாளி தையலைப் பிரித்துப் பார்த்தார். கட்டி இருந்தது. எலுமிச்சை அளவுதான். மறு மாதமே தன் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

அந்த மாமனார் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தைத்து முடித்த மெத்தை எதுவும் படுத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. படுத்தால் போதாது, தூங்க வேண்டும். தூங்கினாலும் போதாது, எழுந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். வலிக்காமல் திரும்பினால்தான் மெத்தையின் ஓரத்தில் 'படுத்துப் பார்த்தது' என்று ரப்பர் முத்திரை விழும். அவர் காலத்தில் அவரே படுத்தார். அவர் கண்ணை மூடியபிறகு, முத்திரையும் தூக்கமும் மருமகன் பொறுப்புக்கு வந்தன. பத்தொன்பது வருஷம். மதியம் சாப்பிட்டதும் ஒரு மெத்தை, நாலு மணிக்கு ஒரு மெத்தை. ஒரு நாள் தவறியதில்லை. உலகத்தில் மற்ற எல்லாருக்கும் வேலை நேரத்தில் தூங்கினால் வேலை போகும். இவருக்குத் தூங்காவிட்டால்தான் போகும்.

வியாபாரம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் படுத்துக்கொண்டே வந்தது. எதிர்வரிசையில் கண்ணாடி வைத்த கடை ஒன்று திறந்தார்கள். உள்ளே ஏசி. அங்கே மெத்தையைச் சுருட்டிப் பெட்டிக்குள் அடைத்து விற்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் புஸ்ஸென்று உப்பும். சனங்களுக்கு அந்த உப்புகிற வேடிக்கை பிடித்திருந்தது.

அப்போதுதான் மச்சான் வந்து சேர்ந்தான். மெத்தைக்காரர் மனைவிக்குக் கடைசித் தம்பி, முப்பது வயது. அதுவரை ஆறு வேலை பார்த்து ஆறிலும் முதலாளிதான் சரியில்லை என்று வந்தவன். செல்போனிலேயே மூன்று நாள் வகுப்பு ஒன்று கேட்டு, சோஷியல் மீடியாவில் எந்தக் கடையையும் தூக்கி நிறுத்துவேன் என்று சான்றிதழோடு நின்றான்.

"மாமா, கடைக்கு ஒரு பேஜ் போட்டாச்சு. இனிமே நம்ம கடை ரோட்டுல இல்ல, எல்லார் கையிலயும் இருக்கு."

"மெத்தை கனமாச்சே மாப்ள, கையில எப்படித் தூக்குவாங்க?" என்றார் மெத்தைக்காரர். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

முதல் வாரம் மெத்தையைப் பல கோணங்களில் படம் எடுத்துப் போட்டான். ஏழு பேர் விருப்பம் போட்டார்கள். ஆறு பேர் சொந்தக்காரர்கள், ஏழாவது அவனே. இரண்டாவது வாரம், "லைவ் போட்டாத்தான் மாமா எடுபடும்" என்று, ஒரு மதியம் போனைக் கேமரா முக்காலியில் நிறுத்திப் புது மெத்தைக்கு நேராகத் திருப்பி, லைவை ஆரம்பித்தான். இரண்டு வார்த்தை பேசினான். தொண்டை வறண்டது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன், டீக்கடையில் பழைய முதலாளிகளில் ஒருவரைப் பார்த்து, பழைய சண்டையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். லைவ் என்பது ஆளில்லாவிட்டால் தானாக நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான். மூன்று நாள் வகுப்பில் நாலாவது நாள் பாடம் போலிருக்கிறது.

மெத்தைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார். கையைத் துடைத்தார். முக்காலியைப் பார்த்தார், எதையோ காய வைத்திருக்கிறான் என்று நினைத்தார். வழக்கம்போல மெத்தையில் படுத்தார். தூங்கினார்.

முதலில் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, 'இந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா?' என்று எழுதினாள். அந்தக் கேள்விதான் வினை. பார்க்க வந்தவர்களெல்லாம் பதில் தெரியாமல் போக மனமில்லாமல் நின்றார்கள். நின்றவர்கள் ஆளுக்கு நாலு பேரைக் கூப்பிட்டார்கள். 'மூச்சு விடுகிறார்.' 'இல்லை, அது ஃபேன் காற்று.' 'வலது கால் கட்டைவிரல் அசைந்தது, நான் பார்த்தேன்.' அரை மணியில் பதினோராயிரம் பேர். அவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், பின்னால் தெரிந்த பெயர்ப்பலகையைப் படித்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டார்.

வண்டி சத்தத்தோடு வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடிவந்து தோளைத் தொட்டார்கள். மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்து, "இடுப்புகிட்ட கொஞ்சம் பஞ்சு கம்மி. ஒரு பிடி வச்சாச் சரியாயிரும்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் அந்த வீடியோத் துண்டை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று மச்சான் சொன்னான். மெத்தைக்காரருக்கு அந்த எண்ணிக்கை காதில் ஏறவில்லை. ஏறியது வேறொன்று. ஐம்பத்தெட்டு பேர் மெத்தை கேட்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு பேருக்கும் ஒரே நிபந்தனை: அவர் தூங்கிய மெத்தைதான் வேண்டும். அதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

"ஒரு மாசத்துல எல்லாம் அனுப்பிருவோம்னு வாக்குக் குடுத்துட்டேன் மாமா. ஒரு நாளைக்கு ரெண்டு தூக்கம். உங்களுக்கு இதெல்லாம் தூசு."

தூசுதான். பத்தொன்பது வருஷமாகத் தூசு. ஆனால் மறுநாள் மதியம் முக்காலிக்கு முன்னால் படுத்தபோது அவருக்கு ஏதோ போலிருந்தது. கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்கு உள்ளே பதினோராயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். மூக்கு அரித்தது. லைவில் மூக்கைச் சொறியலாமா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "வரல" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்த வாய் சொல்லாத வார்த்தை. உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"என்னங்க வரல?"

"தூக்கம்."

அடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக் கட்டிலிலும் வரவில்லை. முக்காலி இல்லாத இடத்திலும் ஏதோ ஒரு மூலையில் இருந்து யாரோ பார்ப்பதுபோலவே இருந்தது. ஐந்தாம் நாள் மச்சான் காதோடு காதாகச் சொன்னான்:

"மாமா, சும்மா கண்ண மூடிக்கிட்டுக் குறட்டை விடுங்க. நாப்பது நிமிஷம். யாருக்குத் தெரியப்போவுது?"

விட்டார். நல்ல குறட்டைதான். ஆனால் பார்க்கிறவர்களில் ஒரு கூட்டம் இதற்குள் கட்டைவிரல் ஆராய்ச்சிக்கென்றே தனிக்குழு வைத்துவிட்டது. 'ஆழ்ந்த தூக்கத்தில் இவருக்கு வலது கட்டைவிரல் ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை அசையும். இன்று அசையவில்லை. நடிக்கிறார்' என்று எழுதினார்கள். 'நடிப்பு மெத்தை' என்று கடைக்குப் பெயரும் வைத்தார்கள். மெத்தைக்காரர் வெட்கத்தில் சுருங்கிப்போனார். அன்றைய மெத்தைக்கு அவர் முத்திரை குத்தவில்லை.

பத்தாம் நாள் பின்னறையில் இருபது மெத்தைகள் முத்திரை இல்லாமல் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. தைக்க இடமில்லை. மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"குத்தி அனுப்புங்க. நல்ல பஞ்சு, நல்ல தையல். நான் தச்சது எனக்குத் தெரியாதா?"

"உங்கப்பா குத்தியிருப்பாரா?"

"எங்கப்பாவ எதுக்கு இழுக்கிறீங்க?"

"அவரு முத்திரைதான இது? படுத்துப் பாத்ததுன்னு போட்டிருக்கு. படுத்தேன். பாக்கல. எப்படிக் குத்துறது?"

"அப்ப ஐம்பத்தெட்டு பேரும் வேண்டாம்னு சொல்லிட்டா? கடையச் சாத்திட்டு என்ன பண்றதா உத்தேசம்? மறுபடி லாரியில ஏறுவீங்களா? இந்த முதுகோடயா?"

மனைவியே ஒரு மெத்தையில் படுத்துப் பார்த்தாள். அவள் வம்சம் வேறு, ஊசி விழுந்தால் எழுந்துகொள்ளும் வம்சம். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். மெத்தைக்காரரின் அக்காவை வரவழைத்தார்கள். அக்கா படுத்த மாத்திரத்தில் தூங்கினாள். ஆனால் மறுநாள் காலைதான் எழுந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "சொகமா இருக்கு" என்றாள். அடியில் மறந்து வைத்த கத்தரிக்கோலோடு சேர்த்துத்தான் சுகமாக இருந்ததாம். அக்காவுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் கூரியர்க்காரர் எதிர்க்கடைப் பார்சல் ஒன்றைத் தவறுதலாக இங்கே போட்டுவிட்டுப் போனார். மெத்தைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். மதியம் ஒன்றரை மணி. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏசிக் காற்று முகத்தைத் தடவிக் கொடுத்தது. எதிர்க்கடைக்காரர் நாற்பது வயது ஆள், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பார்.

"அடடே, வாங்கண்ணே! உக்காருங்க, உள்ள போயி எந்த பார்சல்னு பாத்துட்டு வந்திர்றேன்."

உட்கார அங்கே நாற்காலி இல்லை, மெத்தைதான் இருந்தது. ஓரமாக உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். முக்காலி இல்லை. மச்சான் இல்லை. தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் உடம்பு கயிறு அறுத்துவிட்டதுபோலத் தளர்ந்தது. செருப்பைக் கழற்றினாரா, தானாகக் கழன்றதா, அவருக்கே தெரியாது.

எதிர்க்கடைக்காரர் திரும்பி வந்து பார்த்தார். இரண்டு போனில் எதை முதலில் எடுப்பது என்று ஒரு கணம் தடுமாறினார். பிறகு இரண்டையும் எடுத்து, ஆளுக்குத் தெரியாமல் ஓரமாக நிறுத்தி வைத்தார்.

நாலு மணி நேரம், பதினோரு நிமிஷம். அவ்வளவும் லைவ். கட்டைவிரல் ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை அசைந்தது. மெத்தைக்காரர் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று விளங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்து கடைக்குள் நுழைவதற்குள், எதிர்க்கடைக் கண்ணாடியில் ஆள் உயரத் தாள் ஒட்டியாகிவிட்டது: 'ஐம்பத்தெட்டு பேர் காத்திருக்கும் அந்த மனிதர், எங்கள் மெத்தையில் தூங்கினார். படுத்துப் பார்த்தது!'

"மாமா, போச்சு மாமா! ஒம்பது பேரு வேண்டாம்னுட்டாங்க. இப்ப பதினொண்ணு" என்று மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பன்னெண்டு நாளா வராத தூக்கம், போயும் போயும் அவன் கடையிலதான் வரணுமா?"

அவர் சொம்பைத் தூக்கிக் குடிக்கப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் வாய்க்குள் போகவில்லை, காதோரமாகச் சட்டையில் வழிந்தது.

"ஏன் தலைய அந்தப் பக்கமே வச்சுக்கிட்டுக் குடிக்கிறீங்க?"

"சும்மாதான்."

"என்னயப் பாருங்க."

பார்த்தார். தலையைத் திருப்பாமல் நாற்காலியோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

"கழுத்த மட்டும் திருப்புங்க. வலது பக்கம்."

முயன்று பார்த்தார். இடது தோளைப் பார்த்த முகம் இம்மி நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சுளுக்கு" என்றார், திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவர்போல.

மனைவியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். "வலிக்குதா?"

"உயிர் போகுது."

"நல்லா வலிக்கட்டும்! கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல உங்களுக்கு வலிச்சு நான் சந்தோஷப்படுறது இதுதான் முதல் தடவை. டேய், எட்றா அந்த முக்காலிய!"

மச்சான் பின்னணியில் பாட்டுப் போடலாமா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். லைவில் மனைவியே பேசினாள். அவள் பேசிப் பழகியதில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் முறையிடுவதுபோலவே பேசினாள்.

"எங்க அப்பா போட்ட வழக்கம் என்னன்னு கேளுங்க. தூங்கினா மட்டும் பத்தாது. எந்திரிச்சுக் கழுத்த ரெண்டு பக்கமும் திருப்பணும். அன்னிக்கு ஆம்புலன்ஸ்காரங்க முன்னாடி திருப்பினாரே, பாத்தீங்கல்ல? இப்ப பாருங்க. ஏங்க, வலது பக்கம் திருப்புங்க."

அவர் நாற்காலியோடு திரும்பினார். தலையும் உடம்பும் ஒன்றாக, அலமாரியை நகர்த்துவதுபோல.

பார்த்துக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்து வாசலில் நின்று கத்தினார்: "நடிப்பு! அன்னிக்குக் குறட்டையும் நடிப்பு, இன்னிக்குக் கழுத்தும் நடிப்பு!"

அந்தப் பேச்சு எடுபட்டது. 'ஆமாம், இவர் ஏற்கனவே நடித்தவர்' என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். மச்சான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். மெத்தைக்காரர்தான் வாயைத் திறந்தார், சுவரைப் பார்த்தபடி. போன் இருந்த பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

"குறட்டை நடிச்சது நெசம். தப்புதான். அந்த மெத்தைக்கு நான் முத்திரை குத்தல, உள்ளதான் கெடக்கு. எனக்கு நடிக்க வராதுன்னு நீங்கதான கண்டுபிடிச்சீங்க? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வேலை கொடுத்தால் விடாத கூட்டம் அது. கட்டைவிரல் குழு எதிர்க்கடைக்காரரின் லைவை முதலிலிருந்து ஓடவிட்டது. அந்த மனுஷன் பெருமையில் நாலு மணி பதினோரு நிமிஷத்தையும் வெட்டாமல் அப்படியே போட்டு வைத்திருந்தார். பத்தாவது நிமிஷமே விற்பனைக்குப் போதும் என்று கடைசிவரை பார்க்கவில்லை. கடைசி நிமிஷத்தில் மெத்தைக்காரர் எழுகிறார். இடது பக்கம் திருப்புகிறார். வலது பக்கம் திருப்பப் போய், "அம்மா!" என்று பிடரியைப் பிடித்துக்கொள்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஆளின் முகம். அதில் நடிப்பு எங்கே இருக்கும்?

அந்த ஒரு நிமிஷம் ஊரெல்லாம் சுற்றியது. எதிர்க்கடைக் கண்ணாடியில் ஒட்டிய தாளைக் கிழித்தார்கள். வேண்டாம் என்று போன பதினொரு பேரும் திரும்பி வந்தார்கள். சுளுக்கு மூன்றாம் நாள் விட்டது.

ஆனால் மெத்தை இன்னும் உள்ளேதான் கிடந்தது. தூக்கம் வந்தால்தானே? மெத்தைக்காரர் யோசித்துச் சொன்னார்: "அங்க ஏன் வந்துச்சு தெரியுமா? யாரும் பாக்கலன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

மனைவி அன்றைக்கே மெத்தை உறைக்கு வாங்கிய கோடு போட்ட துணியில் ஒரு திரை தைத்துக் குறுக்கே கட்டினாள். மெத்தையும் அவரும் திரைக்கு உள்ளே. போன் வெளியே.

"அக்கா, வெறும் துணிய எவன்கா பாப்பான்?" என்று மச்சான் அழாத குறையாகக் கேட்டான்.

நாலாயிரம் பேர் பார்த்தார்கள். கோடு போட்ட துணி லேசாக ஆடும். உள்ளேயிருந்து குறட்டை வரும். நாற்பது நிமிஷம் கழித்துத் திரை விலகும். மெத்தைக்காரர் வந்து நின்று கழுத்தை இடது பக்கம் திருப்புவார், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வலது பக்கம் திருப்புவார். முத்திரை விழும். இப்படியே ஒன்று, இரண்டு என்று, சொன்ன மாசத்துக்குப் பதினைந்து நாள் தள்ளி, ஐம்பத்தெட்டும் வாசலைத் தாண்டின.

ஐம்பத்தொன்பதாவது மெத்தை கேட்டு ஒரு நாள் எதிர்க்கடைக்காரரே வந்தார், தலையைக் குனிந்துகொண்டு.

"அண்ணே, எனக்குத்தான். வீட்டுக்கு. ஒரு வருஷமா எங்க மெத்தையிலதான் படுக்குறேன். பிடரி கல்லு மாதிரி ஆயிருச்சு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"உக்காருங்க தம்பி, படுத்துப் பாத்துச் சொல்றேன்" என்று மெத்தைக்காரர் திரைக்குள் போனார்.

எதிர்க்கடைக்காரர் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். மதியம். ஃபேன் சுற்றியது. உள்ளே குறட்டை மெல்ல ஆரம்பித்துத் தாளம் பிடித்தது. அவர் ஒரு கொட்டாவி விட்டார். இன்னொன்று விட்டார். தலை இடது பக்கமாகச் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது.

துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். நுனிக்காலில் நடந்துபோய், லைவில் திரையைக் காட்டிக்கொண்டிருந்த போனை முக்காலியோடு ஒரு சாண் இடது பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வந்து தன் வேலையைப் பார்த்தாள்.

'கட்டைவிரல் அசைகிறதா?' என்று யாரோ எழுதினார்கள்.

'ஷூ போட்டிருக்கிறார், தெரியவில்லை' என்று பதில் வந்தது. 'யாராவது போய்க் கழற்றுங்களேன்.'